தோழமை வேண்டிய அத்தியட்சர்
வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் சரித்திரச் சுருக்கம்

குருவில்லா வித்தை பாழ் என்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கிவரும் கொள்கை. திண்ணைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் முதல் மலைக்குகையில் தவமிருக்கும் துறவி ஈறாகக் கற்பிப்பவர் யாவரையும் தெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைத்து வணங்குதல் நம்மவர் வழக்கம். வணக்கம் நன்றே. ஆயினும் அவ்வணக்கத்தினூடே ஓர் இடைவெளியும் வளர்ந்துவிடுகிறது. குரு மேலே அமர்வார். சீடன் கீழே நிற்பான். குரு கொடுப்பார், சீடன் பெறுவான். இவ்விருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணக் கூடுமா, ஒருவர் குறையை மற்றவர் கூசாமல் எடுத்துரைக்கக் கூடுமா, உள்ளங் கலந்த நண்பராய் வாழக் கூடுமா என்னும் கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அதனை உலகத்தார் முன்னிலையில் எழுப்பியவரும், பின்னர்த் தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அதற்கு விடையாக ஆக்கிக்கொண்டவரும் ஒரு தமிழர். நாடார் குலத்தில் தோன்றியவர். அவரே தோர்ணக்கல் அத்தியட்சராய் விளங்கிய வேதநாயகம் சாமுவேல் அசரியா.

திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து தெலுங்கு நாட்டில் மறைந்த ஒரு கிறிஸ்தவப் பெரியாரின் வரலாறு, தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் நமக்கு எற்றுக்கு என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். அதற்குக் காரணம் இரண்டு உண்டு. பெரியகுளத்தை நிலையமாகக் கொண்டு அமெரிக்க மதுரை மிஷன் இப்பக்கத்து ஊர்களில் நாட்டிய சபைகள், 1947-ம் வருடம் தென்னிந்தியத் திருச்சபை என்னும் பெருங்குடும்பத்தில் ஒன்றாயின. அவ்வொருமைக்கு அடிகோலியவருள் அசரியா தலையாயவர். ஆதலால் பள்ளத்தாக்கிலுள்ள நம் கிறிஸ்தவ உறவினர்க்கு அவர் அயலாரல்லர். இரண்டாவது காரணம் மதவேறுபாடின்றி நம் எல்லாரையும் சார்ந்தது. அதனைக் கட்டுரையின் இறுதியிற் கூறுவோம்.

பிறப்பும் இளமையும்

இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்ததாயுள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874-ம் வருடம் ஆகஸ்டு மாதம் 17-ம் தேதி அசரியா பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் போதகர். அவர் இந்து சமயத்திற் பிறந்து, இளமையிலே மிஷன் பள்ளியிற் பயின்று, கிறிஸ்துவைப் பின்பற்றியவர். தாயார் எல்லன் அம்மையார். இவர்கள் ஓர் ஆண்மகவுக்காக நெடுங்காலம் காத்திருந்தனர். வேதாகமத்தில் அன்னாள் என்னும் மாது கண்ணீருடன் வேண்டிப் பெற்ற பிள்ளை சாமுவேல் ஆதலின், தம் மைந்தனுக்கும் அப்பெயரையே இட்டனர்.

பிள்ளை இளையராயிருக்கையிலேயே தந்தையார் 1889-ம் வருடம் காலஞ்சென்றார். அதன்பின் அவரை உருவாக்கியவர் அன்னையாரே. கிராமத்துப் போதகரின் விதவைக்குச் செல்வம் ஏது? ஆயினும் ஜெபமும் ஒழுங்கும் உழைப்பும் அவ்வீட்டிற் குறைவின்றி இருந்தன. அசரியாவின் முதற் குரு யார் என்று கேட்டால், கல்லூரிப் பேராசிரியரையோ ஐரோப்பியப் பாதிரிமாரையோ சுட்டுதல் பொருந்தாது. அதிகாலையில் மகனை எழுப்பி அருகில் முழந்தாளிடச் செய்த அந்த அம்மையாரையே சுட்டுதல் வேண்டும். தாய் சொல்லிக்கொடுத்தது சிறிது; தாய் செய்துகாட்டியது பெரிது. இப்பாடத்தைப் பிற்காலத்தில் அவர் ஆயிரக்கணக்கான உபதேசிமாருக்குக் கற்பித்தார்.

மெய்ஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளியிலும், பின்னர்த் திருநெல்வேலியில் சர்ச் மிஷனெரி சங்கத்தார் நடத்திய கல்லூரியிலும் பயின்று, அதன்மேல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்து கணிதங் கற்றார். அக்காலத்துத் திருநெல்வேலிச் சபைகளில் சாதிப்பூசல் சிறிதன்று. ஞானஸ்நானம் பெற்றும் பந்தி வேறு, இருக்கை வேறு என்றிருந்தவர் பலர். மாணவரான அசரியா நண்பருடன் கூடிச் சாதி வேற்றுமையைக் களைவதற்கென ஒரு சகோதரக் கழகம் கண்டார். பிற்கால வாழ்க்கையின் வித்து அதிலே காணப்படுகிறது. சென்னையில் அவருக்கு வாய்த்த தோழருள் சேலத்தைச் சேர்ந்த கே. டி. பால் குறிப்பிடத்தக்கவர். அவரும் பின்னாளில் இந்தியக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் முதல் இந்தியப் பொதுச் செயலாளராய்ப் புகழ்பெற்றார். பட்டப் பரீட்சைக் காலத்தில் நோய்வாய்ப்பட்டமையால் அசரியா பி.ஏ. பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு நீங்கினார். பட்டமில்லாத அம்மாணவருக்கு 1920-ம் வருடம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

வாலிபர் சங்க ஊழியம்

1895-ம் வருடம் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் ஊழியராய் அமர்ந்தார். அவ்வருடம் நம் பள்ளத்தாக்கிற்கும் மறக்கலாகாத வருடமாகும். மேற்கே ஓடிக் கடலில் வீணே கலந்த பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, நம் வயல்களில் முதன்முதற் பாய்ந்தது அவ்வருடத்திலேதான். ஒரு பக்கத்திற் பெய்த மழை மறுபக்கத்துப் பயிருக்கு உயிரானது. அசரியாவின் வாழ்க்கையும் அத்தன்மையதே. தென்கோடியிலே பெய்த அருள்மழை, மொழியெல்லையைக் குடைந்து சென்று, தெலுங்கு நாட்டு ஏழைகளின் வறண்ட நிலத்திற் பாய்ந்தது.

வாலிபர் சங்கப் பணியில் பதினான்கு வருடம் தென்னிந்தியா முழுதும் சுற்றினார். 1896-ம் வருடம் அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எட்டி என்பவர் அவருக்கு உடனூழியரானார். எட்டி மூன்று வயது மூத்தவர். செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். ஆளும் இனத்தாரைப் போன்ற வெண்ணிறத்தர். அசரியாவோ பனையேறும் நாட்டிலிருந்து வந்த போதகர் மகன். ஆயினும் இருவரும் ஒருங்கே பிரயாணஞ் செய்து, ஒருங்கே தங்கி, ஒருங்கே ஜெபித்து, உடன்பிறந்தார் போலாயினர். இங்குக் குரு யார், சீடர் யார் என்று பகுத்துரைத்தல் அரிது. எட்டியிடம் அசரியா உலகப் பரப்பை அறிந்தார்; அசரியாவிடம் எட்டி இந்நாட்டின் உள்ளத்தை அறிந்தார். வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையே உண்மை நட்புக் கூடும் என்பதை அசரியா நூலிற் கற்றவரல்லர். எட்டியுடன் கழித்த நாட்களே அதனை அவருக்குக் காட்டின. ஆதலின், அந்நட்பு இல்லாத இடங்களைக் கண்டபோது அவர் உள்ளம் நொந்தது.

1898-ம் வருடம் அன்பு மாரியம்மாள் என்னும் மங்கையை மணந்தார். இவ்வம்மையார் தென்னாட்டில் கல்லூரிக் கல்வி பெற்ற முதற் கிறிஸ்தவப் பெண்களுள் ஒருவர். சீர்வரிசையும் ஆடம்பரமும் நிறைந்த மணவினையே மதிப்பெனக் கருதிய அந்நாளில், வரதட்சிணை பெறாமல் எளிய முறையில் இத்திருமணம் நடந்தேறியது. பின்னர்த் தோர்ணக்கலில் உபதேசிமாரின் மனைவியரைப் பயிற்றும் பணியில் இவ்வம்மையார் கணவருக்கு நிகராய் உழைத்தார்.

யாழ்ப்பாணத்துப் பாடம்

1902-ம் வருடம் அசரியா யாழ்ப்பாணஞ் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தொகையிற் சிறியர். ஆயினும் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு கடல்கடந்து, இந்தியக் கரையிலே தொண்டி முதலிய இடங்களுக்குத் தம் ஊழியரை அனுப்பிவந்தனர். மதுரைச் சீமைக்கு 1834-ம் வருடம் அமெரிக்கப் பாதிரிமார் முதலில் வந்ததும் இதே யாழ்ப்பாணத்திலிருந்துதான். அவர்கள் அந்நியர், அவர்கள் வந்தது வியப்பன்று. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரே புறப்பட்டு வந்தனர் என்பதைக் கண்ட அசரியா நாணமுற்றார். திருநெல்வேலிச் சபைகள் நூறாண்டு கடந்தவை. பல்லாயிரம் விசுவாசிகளை உடையவை. எனினும் அவை பெற்றனவேயன்றித் தம் எல்லைக்கு அப்பால் ஒருவரையும் தம் செலவில் அனுப்பவில்லை. நெடுங்காலம் சீடராயிருந்தும் யாருக்கும் குருவாகாத சபை, வளராத குழந்தையை ஒக்கும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

ஊர் திரும்பியவர் வாளா இருந்தாரல்லர். 1903-ம் வருடம் பிப்ரவரி மாதம் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியரே ஊழியர், இந்தியரே பொருளுதவுவோர், இந்தியரே நிர்வாகிகள் என்பது அதன் அடிப்படை. பனந்தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் ஆசிரியருமே அதனைத் தாங்கினர். இரண்டு வருடங் கழித்து, 1905-ம் வருடம் டிசம்பர் மாதம் 25-ம் தேதி, வங்காளத்துச் சீராம்பூரில் இந்தியா முழுவதற்குமான தேசிய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டது. அதற்கும் அசரியாவே செயலாளரானார்.

திருநெல்வேலிச் சங்கம் தனக்குரிய களமாகத் தேர்ந்தது நிஜாம் இராச்சியத்தைச் சேர்ந்த தோர்ணக்கல் என்னும் பகுதி. அஃது இன்று தெலுங்கானா மாநிலத்தில் உள்ளது. தமிழர் அங்கே மொழியறியாதவர். உணவும் உடையும் வேறு. சங்கத்தின் பிரயாணச் செயலாளராய் ஊர்தோறும் சென்று, தெலுங்கு நாட்டுக்கு ஊழியர் வேண்டும் என்று பிறரை அழைத்துவந்த அசரியாவை ஒரு நாள் அவர் மனச்சாட்சியே வினவியது: பிறரை அனுப்பும் நீ ஏன் போகவில்லை? 1909-ம் வருடம் வாலிபர் சங்கத்தின் உயர்ந்த பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, தாமே தோர்ணக்கல் சேர்ந்தார். முப்பத்தைந்தாம் வயதில் தெலுங்கு எழுத்துக்களைக் குழந்தைபோற் கற்றார். கூடாரமே முதலில் அவருக்கு வீடாயிற்று.

எடின்பரோவில் எழுந்த குரல்

1910-ம் வருடம் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மகாநாடு கூடியது. வந்த பிரதிநிதிகள் சுமார் 1200 பேர். அவருள் ஆசியாக் கண்டத்துச் சபைகளைச் சேர்ந்தோர் இருபதின்மருக்கும் குறைவே. ஜூன் மாதம் 20-ம் தேதி மாலை, அந்நிய மிஷனெரிமாரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைத்தல் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு அசரியா அழைக்கப்பட்டார்.

இனிய உபசாரமொழி கூறி அமர்ந்திருந்தால் யாவரும் கைகொட்டி மகிழ்ந்திருப்பர். அவர் அங்ஙனஞ் செய்தாரல்லர். இந்தியாவில் மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் உள்ள தொடர்பு எசமானனுக்கும் வேலையாளுக்கும் உள்ள தொடர்பாய் இருத்தலை எடுத்துரைத்தார். பல வருடம் ஒரே சபையில் உழைத்தும், இந்தியப் போதகரின் வீட்டில் ஒரு வேளை உண்ணாத, தம் வீட்டு மேசைக்கு அவரை அழையாத பாதிரிமார் உளர் என்றார். மிஷனெரிமாரின் தியாகத்தையும் கொடையையும் இந்தியத் திருச்சபை தலைமுறை தலைமுறையாக நன்றியுடன் நினைக்கும், ஆயினும் பொருளும் உயிரும் கொடுத்தோர் இன்னும் ஒன்றைக் கொடுக்கவில்லை, அதுவே நட்பு, அதனையே இந்தியர் வேண்டுகின்றனர் என்னும் கருத்துப்பட முடித்தார். சிலர் ஆரவாரித்தனர், சிலர் முகஞ் சிவந்தனர். அன்று அங்கிருந்தோர் பலர் பல வருடங் கழித்தும் அம்மாலையை மறந்திலர்.

இதனைச் சொன்னவர் வெறுப்பினாற் சொன்னாரல்லர் என்பதே நாம் கருதத்தக்கது. எட்டியின் நட்பை நுகர்ந்தவர் ஆதலின், இல்லாத ஒன்றை அவர் கேட்கவில்லை. ஓரிடத்திற் கண்டதை எல்லா இடத்திலும் வேண்டினார். குருவும் சீடரும் நண்பராதல் கனவன்று, கைகூடுவதே என்பதற்கு அவரே சான்றாய் நின்றார்.

அத்தியட்சராதல்

அக்காலத்தில் சென்னை அத்தியட்சராயிருந்த ஹென்றி வொயிட்ஹெட் துரை, இந்தியர் ஒருவர் அத்தியட்சராதல் வேண்டும் என்று உறுதிகொண்டிருந்தார். அசரியாவை அப்பதவிக்கு உரியவராகக் கண்டு, அவருக்கு வழிகாட்டியாயும் அரணாயும் நின்றார். எதிர்ப்பு எழாமலில்லை. இந்தியர் ஒருவரின் அதிகாரத்தின்கீழ் ஐரோப்பியர் பணிசெய்வதெப்படி என்று கேட்டோர் ஒரு பக்கம். தம்மவருள் ஒருவர் உயர்வதைப் பொறாத இந்தியக் கிறிஸ்தவர் மற்றொரு பக்கம். எல்லாவற்றையும் கடந்து, 1912-ம் வருடம் டிசம்பர் மாதம் 29-ம் தேதி, கல்கத்தா நகரத்துப் பரிசுத்த பவுல் பேராலயத்தில், முப்பத்தெட்டு வயதினரான அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராய் அபிஷேகம் பெற்றார். ஆங்கிலத் திருச்சபை மரபில் இந்தியர் ஒருவர் அத்தியட்சரானது அதுவே முதன்முறை.

இனித்தான் அவர் வாழ்வின் கடினமான சோதனை தொடங்கியது. எடின்பரோவில் அவர் கீழே நின்று மேலே இருப்பவரிடம் தோழமை கேட்டார். தோர்ணக்கலில் அவரே மேலே நின்றார். அவரிடம் வந்தவர் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் இரு சாதியார், ஊருக்குப் புறம்பே ஒதுக்கப்பட்டவர், எழுத்தறியாதவர், கடனில் அமிழ்ந்தவர். அவ்விரு சாதியாரும் ஒருவரையொருவர் தீண்டாமலும், ஒரே கிணற்றில் நீர் மொள்ளாமலும் இருந்தனர். பிறரிடம் தாம் கேட்டதைத் தம்மிடம் கேட்பவருக்கு அவர் கொடுப்பாரா? இதுவே கேள்வி.

அவர் கொடுத்தார். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் சிற்றூர்தோறும் சென்று, சேரிகளில் தங்கி, அவர்கள் இட்டதை உண்டார். விடுதிப் பள்ளிகளில் மாலப் பிள்ளைகளும் மாதிகப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவேண்டும் என்பதில் அவர் தளர்ந்ததில்லை. நற்கருணைப் பாத்திரம் எல்லாருக்கும் ஒன்றே. அவ்வொரு பாத்திரத்தில் வாய்வைக்க மனமில்லாதவன் கிறிஸ்துவின் சீடனாதல் இயலாதென்பது அவர் துணிபு.

சீடரை ஆக்கிய முறை

தோர்ணக்கலில் அவர் கையாண்ட முறை எளியது. தாம் ஒருவராய் இலட்சம் பேருக்குப் போதித்தல் இயலாது. ஆகவே போதிப்பவரை உண்டாக்கினார். சிற்றூர் உபதேசிமாரை மனைவியருடன் வரவழைத்து, சிறுகுடில்களிற் குடியேற்றி, உடனிருந்து பயிற்றினார். கணவர் வேதங் கற்கையில் மனைவியரும் எழுத்துக் கற்றனர். குழந்தை வளர்ப்பு, சுகாதாரம் முதலியனவும் கற்றனர். உபதேசியாரின் வீடு எப்படியோ அப்படியே சபை என்பது அவர் அனுபவம். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் ஏழைகளைப் பிடித்த நான்கு பேய்கள் என அவர் சுட்டி, அவற்றை ஓட்டுதலும் சுவிசேஷப் பணியே என்று கற்பித்தார்.

ஞானஸ்நானம் பெறுவோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, இனித் தாமும் பிறருக்கு நற்செய்தி கூறக் கடமைப்பட்டோம் என்று உறுதிமொழி சொல்லும்படி செய்தார். நேற்றுவரை எழுத்தறியாத கூலியாளும் அன்றே குருவாகிறான். பெற்றவன் கொடாமல் இருக்கலாகாது என்னும் யாழ்ப்பாணத்துப் பாடம் இங்ஙனம் ஒவ்வொரு சீடரின் தலைமேலும் ஏறியது. தாய்மார் உலையில் அரிசி இடுகையில் ஒரு பிடி எடுத்துச் சபைக்கென வேறு வைத்தனர். ஏழையும் கொடுக்கத்தக்கவனே, கொடுத்தலினாலேயே அவன் தலைநிமிர்வான் என்று அசரியா நம்பினார். கிறிஸ்தவ ஈகையைப்பற்றி ஒரு நூலும் எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டின் நாற்பதுகள் தொடங்கிய காலத்தில் அவ்வத்தியட்சத்தில் கிறிஸ்தவர் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். இந்தியக் குருமார் இருநூற்றுவருக்கு மேலும், உபதேசிமார் ஆயிரக்கணக்கிலும் இருந்தனர். 1939-ம் வருடம் ஜனவரி மாதம் 6-ம் தேதி பிரதிஷ்டை செய்யப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில், இந்துக் கோயில், மசூதி, கிறிஸ்தவ ஆலயம் ஆகிய மூவகைச் சிற்பமுறைகளும் ஒன்றாய் இணைந்திருத்தலைக் காணலாம். வெளிநாட்டு மதம் என்று பிறர் இகழும் சமயம் இந்நாட்டு மண்ணில் வேரூன்றியது என்பதை அக்கட்டடம் கல்லினாற் கூறுகிறது.

அவர் குறையற்றவர் என்று நாம் கூறவில்லை. கண்டிப்பு மிகுந்தவர். ஒழுங்கில் தவறிய ஊழியரை எளிதில் மன்னியார் என்ற குறை அக்காலத்திலேயே உண்டு. தோழமையை விரும்பியவர் சிற்சில வேளைகளில் தந்தையின் அதிகாரத்தையே செலுத்தினார். 1936, 1937 ஆகிய வருடங்களில், ஒடுக்கப்பட்டோர் பெருந்திரளாய் மதம் மாறுதல்பற்றி மகாத்மா காந்தியவர்களுக்கும் இவருக்கும் கருத்து வேற்றுமை எழுந்தது. அத்தகைய மாற்றம் ஆன்ம உணர்ச்சியினால் நிகழ்வதன்று எனக் காந்தியடிகள் ஐயுற்றார். ஏழைக்கும் ஆன்மா உண்டு, அவன் தேர்வையும் மதித்தல் வேண்டும் என அசரியா கருதினார். இருவரும் தேசத்தை நேசித்தவர், தீண்டாமையை வெறுத்தவர், வழியில் மாத்திரம் வேறுபட்டனர். எப்பக்கம் நியாயம் மிகுதி என்பதை வாசகரே எண்ணிக்கொள்க.

ஒருமைக்கு உழைத்தல்

சாதி வேற்றுமை நீங்கினாலும் சபை வேற்றுமை எஞ்சியிருந்தது. ஆங்கிலத் திருச்சபை, மெதடிஸ்டு சபை, அமெரிக்க மிஷன் சபை என்று மேனாட்டார் தம் பழைய பிரிவுகளை இங்கும் நட்டிருந்தனர். ஒரே ஊரில் உறவினராயிருந்தும் ஒரே பந்தியில் நற்கருணை பெறமுடியாத நிலை. சாதியின் பேரால் பிரிந்திருத்தல் பாவமாயின், எங்கோ தொலைதூர நாட்டில் முந்நூறு வருடத்துக்கு முன் நடந்த பூசலின் பேரால் பிரிந்திருத்தல் எவ்வாறு புண்ணியமாகும்?

1919-ம் வருடம் மே மாதம் முதல் இரு தினங்களிலும் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். இருவர் தவிர ஏனையோர் இந்தியரே. அவ்விருவருள் ஒருவர் பழைய நண்பர் எட்டி. அசரியா முன்னின்று நடத்திய அக்கூட்டத்தில், தென்னிந்தியச் சபைகள் ஒன்றாதல் வேண்டும் என்னும் அறிக்கை பிறந்தது. மதுரைச் சீமையிலும் நம் பள்ளத்தாக்கிலும் இருந்த சபைகள் அப்போது 1908-ல் அமைந்த தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்திருந்தன. அச்சபையின் போதகர்களும் தரங்கம்பாடிக்கு வந்திருந்தனர். ஆங்காங்கு விவாதங்கள், கமிட்டிகள், திருத்தங்கள் என்று இருபத்தெட்டு வருடம் கழிந்தது. அத்துணைக் காலமும் அசரியா சோர்ந்தாரல்லர்.

ஆயினும் விளைவைக் கண்ணாற் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1945-ம் வருடம் ஜனவரி மாதம் முதல் தேதி, எழுபதாம் வயதில், தாம் தொண்டு புரிந்த தோர்ணக்கலிலேயே காலமாகி, அம்மண்ணிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். ஏறத்தாழ இரண்டு வருடமும் ஒன்பது மாதமும் கழிந்தபின், 1947-ம் வருடம் செப்டம்பர் மாதம் 27-ம் தேதி, சென்னைப் பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. பெரியகுளம், கம்பம் பகுதிச் சபைகளை உட்கொண்ட மதுரை இராமநாதபுரம் அத்தியட்சத்துக்கு முதல் அத்தியட்சராய் வந்தவர், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஊழியரான லெஸ்லி நியூபிகின். அமெரிக்கர் நட்ட சபை. ஸ்காட்லாந்து மரபில் வந்த மேய்ப்பர். ஆங்கில மரபைச் சேர்ந்த தமிழர் ஒருவர் கண்ட கனவு. மூன்றும் நம் ஊர்ச் சிற்றாலயங்களில் ஒன்றாயின. நட்டவர் உண்ணாத கனியைப் பின்னோர் உண்பது தோட்டக்காரருக்குப் புதிதன்று. நம் மலைச்சரிவில் ஏலச்செடிக்கு நிழல் வேண்டி மரம் நடுவோர் அதனை நன்கறிவர்.

நமக்குரிய பாடம்

முன்னர்க் கூறிய இரண்டாவது காரணத்துக்கு வருவோம். நாம் உறவின்முறை அமைத்து, மகமை சேர்த்து, பேட்டைகளும் பள்ளிகளும் கண்ட சமூகத்தார். ஒரு பிடி அரிசியும் ஒரு மூட்டைக்கு ஒரு சிறு காசும் ஒன்றுசேர்ந்தால் என்னாகும் என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கோயில் வாசலில் தடுக்கப்பட்டும், ஊர்வீதியில் இழிவுரை கேட்டும், 1899-ம் வருடத்துச் சிவகாசிக் கலகத்தில் துன்புற்றும் தலையெடுத்தவர் நம் முன்னோர். நம்மைச் சமமாக நடத்துக என்று மேலிருந்தவரைக் கேட்டவர் நாம். அக்கேள்வி நியாயமானது, அதனால் நாம் உயர்ந்தோம்.

ஆனால் அசரியாவின் வாழ்க்கை நம்மை அங்கே நிற்க விடுவதில்லை. அவரும் நம் குலத்தவர். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். எடின்பரோவில் உலகமே கேட்கும்படி கேட்டார். அதன்பின் திரும்பிப் பார்த்தார். தமக்குக் கீழே நிற்பவர் அதே கேள்வியைத் தம்மிடம் கேட்பதைக் கண்டார். தம் சாதிப்பெயரைத் தம் பெயரோடு அவர் தரித்ததில்லை. தம் சபையார் சேர்த்த மகமையைத் தம்மவருக்கு மாத்திரம் செலவிடாமல், மொழியும் சாதியும் வேறான மாலருக்கும் மாதிகருக்கும் கொண்டுசென்றார். பெற்ற உரிமையைப் பிறர்க்கு அளித்தலே பெற்றதற்கு அடையாளம் என்று காட்டினார். அவரை நம் குலத்துப் பெரியார் என்று பெருமை பேசுவது எளிது. நம் தோட்டத்திலும் கடையிலும் கூலிக்கு வருவோர் நம்மை நோக்கி அக்கேள்வியைக் கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம் என்பதே அரிது.

சமயம் எதுவாயினும் குருவும் சீடருமின்றி எவ்வறமும் நிலையாது. நம் இளைஞர்க்குத் தொழில் பழக்கும் முதலாளியும் ஒரு குருவே. கணக்குக் கற்பிக்கும் கணக்கப்பிள்ளையும் ஒரு குருவே. கற்பிக்கும்போது மேலே அமர்ந்து கற்பித்தல் ஒரு வகை. அருகில் அமர்ந்து, ஒரே பந்தியில் உண்டு, தன் குறையையும் சீடன் சொல்லக் கேட்டுக் கற்பித்தல் மற்றொரு வகை. முன்னது வேலையாளை உண்டாக்கும். பின்னது மற்றொரு குருவை உண்டாக்கும். வெள்ளாளன்விளையில் ஒரு தாய் தன் மகனருகில் முழந்தாளிட்டுத் தொடங்கிய அப்பழக்கம், தோர்ணக்கல் சேரிகளில் ஆயிரமாயிரம் வீடுகளில் தொடர்ந்தது. நம் வீடுகளிலும் கடைகளிலும் அது தொடருமாயின், இச்சரித்திரத்தைப் படித்ததன் பயனை நாம் பெற்றவராவோம்.